காய்ச்சல் விட்ட அன்றுதான் ஆபத்து வந்தது: டெங்கு உடம்புக்குள் என்னதான் செய்கிறது?

குற்றாலச்சாரல் · ஞாயிறு இரவு 9.40

வணக்கம். இந்தப் பகுதியில் இதுவரை படித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகனுக்கு 11 வயது. போன மாதம் டெங்கு வந்து பிழைத்து எழுந்தான். இப்போது பள்ளிக்கூடம் போகிறான், சாயங்காலம் கிரிக்கெட் ஆடுகிறான். ஆனால் அந்த ஒரு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. என்ன நடந்தது என்று புரிந்தாலாவது மனசு ஆறும்.

திங்கட்கிழமை சாயங்காலம் காய்ச்சல் தொடங்கியது. நாலு நாளும் 103க்குக் குறையவில்லை. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான், முதுகைத் தொட விடவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை முத்து முத்தாக வியர்த்து உடம்பு குளிர்ந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டெங்கு டெஸ்ட் எடுத்துவிட்டு, "என்.எஸ்.1 நெகட்டிவ், காய்ச்சலும் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி சாப்பிட்டான். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார்.

மதியம் வயிறு வலிக்கிறது என்றான். நாலு நாளாக ஒன்றும் சாப்பிடாத வயிறு, இட்லி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். மூன்று முறை வாந்தி. சுருண்டு படுத்துக்கொண்டான். ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து கையைப் பிடித்தால் ஜில்லென்று இருக்கிறது, உள்ளங்கை எல்லாம் ஈரம். பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. "அம்மா, தண்ணி குடு" என்றான். அந்தத் தெளிவை நம்பி நான் வீட்டிலேயே வைத்திருப்பேன். என் தம்பிதான் பிடிவாதமாக ஆட்டோ கூட்டிவந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகம் திரும்பச் சிவக்கிற வரைக்கும் நான் மூச்சே விடவில்லை, அவ்வளவு நேரம் ஆனது. பிரஷர் 90/75. பி.சி.வி. 44. பிளேட்லெட் 38,000. "காலையிலிருந்து எத்தனை தடவை ஒன்றுக்குப் போனான்?" என்று கேட்டார்கள். யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூடப் போகவில்லை.

காய்ச்சல்தானே நோய்? அது போன பிறகு ஏன் இப்படி ஆனது? கிருமி எங்கேயாவது ஒளிந்திருந்து திரும்ப வந்ததா?


வார்டு பத்து · ஞாயிறு இரவு 10.55

சாரல் அக்கா, பிள்ளை நல்லபடியாக வீட்டுக்கு வந்தானே, அதுவே போதும். நான் குழந்தைகள் வார்டில் 14 வருடமாக நர்ஸ். நீங்கள் சொல்லும் அந்த வெள்ளிக்கிழமையை ஒவ்வொரு மழைக்காலத்திலும் எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். இது உங்கள் கவனக்குறைவு இல்லை. இந்த நோயின் போக்கே அப்படி.

கிருமி திரும்ப வரவில்லை. டெங்குக் காய்ச்சல் 2 முதல் 7 நாள் அடிக்கும். காய்ச்சல் இறங்குகிற நேரத்தை ஒட்டி, சிலருக்கு மட்டும், ரத்தக் குழாய்கள் கசிய ஆரம்பிக்கும். 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை கசியும். அதற்கப்புறம் தானாக அடைபட்டுவிடும். உயிருக்கு ஆபத்து என்பது பெரும்பாலும் இந்த இரண்டு நாள்தான்.

கசிவது ரத்தம் இல்லை, ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி. பிளாஸ்மா என்று சொல்வோம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டிச் சொட்டி, உள்ளே இருக்கும் தயிர் இறுகுமே, அதே மாதிரி. பி.சி.வி. என்பது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்கிற அளவு. உங்கள் பையனுக்கு வழக்கமாக 35 இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், 44 என்பது 25 சதவீத ஏற்றம். சிவப்பணு புதிதாகக் கூடவில்லை. தண்ணீர் போனதால் மிச்சம் கெட்டியாகிவிட்டது. 20 சதவீதம் ஏறினாலே கசிகிறது என்று எடுத்துக்கொள்வோம்.

பிரஷரைப் பாருங்கள். 90 என்று கேட்டால் குழந்தைக்குப் பரவாயில்லை என்றுதான் தோன்றும். ஆனால் நாங்கள் பார்ப்பது இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை. 90க்கும் 75க்கும் இடையில் 15தான். 20க்கு வந்துவிட்டாலே ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை என்று கணக்கு. ரத்த ஓட்டத்தில் தண்ணீர் குறைந்ததும் உடம்பு கை, கால், குடல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் போகிற குழாய்களைச் சுருக்கி, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறது. அதனால்தான் கை ஜில்லென்று ஆகிறது, நகம் சிவக்க மாட்டேன் என்கிறது, சிறுநீர் நின்றுபோகிறது. பேச்சு மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு டாக்டர்களையே ஏமாற்றியிருக்கிறது.

வயிற்றுவலியும் இட்லியால் வந்தது இல்லை. கல்லீரல் வீங்கும், கசிந்த நீர் வயிற்றுக்குள் சேரும். காய்ச்சல் இறங்கிய பிறகு விடாத வயிற்றுவலியும் அடுத்தடுத்த வாந்தியும் வந்தால், வேறு எதற்கும் காத்திருக்கக் கூடாது.


கணக்கு வாத்தியார் · திங்கள் காலை 6.20

2017இல் என் அண்ணன் மகனுக்கு டெங்கு. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்க எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிளேட்லெட் 22,000 என்றதும் குடும்பமே ரத்த வங்கி ரத்த வங்கியாக அலைந்தோம். தினமும் காலையில் அந்த எண்ணைத்தான் போனில் கேட்போம். பி.சி.வி. என்ற வார்த்தையை ஒருவர்கூடச் சொல்லவில்லை. பிளேட்லெட் குறைவதால்தானே டெங்குவில் உயிர் போகிறது? பப்பாளி இலைச் சாறு கொடுத்து அவனுக்கு ஏறியதை நான் கண்ணால் பார்த்தேன்.


வார்டு பத்து · திங்கள் காலை 7.05

வாத்தியார் சார், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிளேட்லெட் குறைவது உண்மை. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி கொஞ்ச நாள் மந்தமாகிறது, ரத்தத்தில் இருப்பதும் வேகமாக அழிகிறது. ஆனால் குழந்தைகள் இறப்பது பெரும்பாலும் பிளாஸ்மா கசிந்து ஷாக்கில் போவதால். அந்த ஷாக்கை நேரத்தில் சரி செய்யாமல் விட்டால், அதற்குப் பிறகுதான் பெரிய ரத்தக்கசிவே வரும். 20,000 வரை இறங்கி, ஒரு சொட்டு ரத்தமும் கசியாமல், இளநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 80,000 இருக்கும்போதே ஷாக்கில் வந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 பெரியவர்களை வைத்து ஆய்வு செய்து 2017இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே. ரத்தக்கசிவு இல்லாதபோது முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, ஏற்றிக்கொண்டவர்களுக்குத்தான் ஒவ்வாமை மாதிரியான தொந்தரவுகள் கூடுதலாக வந்தன. ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் கதை வேறு, அப்போது டாக்டர் முடிவு செய்வார்.

பப்பாளி இலை பற்றி: ஆறாம் நாள், ஏழாம் நாள் பிளேட்லெட் தானாகவே ஏறும். எதைக் கொடுத்திருந்தாலும் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். சாறு கொஞ்சம் சீக்கிரம் ஏற்றுகிறது என்று சொல்லும் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் கசிவை அது நிறுத்துவதாக யாரும் காட்டவில்லை. என் கவலை சாறு இல்லை சார். அந்தக் கசப்பில் பிள்ளை வாந்தி எடுத்து, குடித்த கஞ்சியும் ஓ.ஆர்.எஸ்.ஸும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் உள்ளே நிற்கிற ஒவ்வொரு டம்ளர் தண்ணீரும் மருந்து.


லேப்காரன் · திங்கள் மதியம் 2.30

நுண்ணுயிரியல் படித்துவிட்டு 20 வருடமாக ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். சாரல் அவர்கள் கேட்ட கேள்விக்கு, "காய்ச்சல்தானே நோய்" என்பதற்கு, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். 20,000 வைரஸை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். உள்ளே ஒரே ஒரு ஆர்.என்.ஏ. இழை, சுமார் 10,700 எழுத்து. அதில் 10 புரதங்களுக்கான செய்முறைதான் இருக்கிறது. அதற்கு வாயும் இல்லை வயிறும் இல்லை. தானாக ஒரு புரதம் செய்யக்கூடத் தெரியாது. எல்லாவற்றுக்கும் நம் அணுவைத்தான் நம்பியிருக்கிறது.

ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும்போது எச்சிலோடு வைரஸை நம் தோலில் விடுகிறது. தோலில் காவல் இருக்கும் அணுக்கள் அதைப் பிடித்துக்கொண்டு, மேலிடத்துக்குத் தகவல் சொல்ல நெறிகட்டும் இடத்துக்கு ஓடுகின்றன. அவைதான் முதலில் தொற்றுக்கு ஆளாகின்றன. காவல்காரன் தோளில் ஏறித் திருடன் கோட்டைக்குள் வருகிற மாதிரி. அங்கிருந்து கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களுக்குப் பரவுகிறது. அணு வைரஸை ஒரு சின்னப் பைக்குள் இழுத்து, செரிக்க அமிலம் சுரக்கும். அந்த அமிலம் பட்டதும்தான் வைரஸின் மேலுறைப் புரதம் வடிவம் மாறி, பையின் சுவரோடு ஒட்டி, ஆர்.என்.ஏ.வை அணுவுக்குள் தள்ளிவிடுகிறது. நம் அணுவின் புரதத் தொழிற்சாலை அதைத் தன் சொந்தச் சீட்டு என்று நினைத்துப் படித்து, வைரஸ் புரதங்களைச் செய்ய ஆரம்பிக்கும். 4 முதல் 10 நாளில் காய்ச்சல்.

காய்ச்சல், உடம்புவலி, கண்வலி எல்லாம் வைரஸ் கடித்ததால் வருவது இல்லை. தொற்றிய அணுக்கள் இன்டர்ஃபெரான் போன்ற எச்சரிக்கைப் புரதங்களைக் கொட்டுகின்றன. அவை மூளைக்குப் போய் உடம்பின் சூட்டை ஏற்றச் சொல்கின்றன. அதாவது காய்ச்சல் என்பது சண்டை நடக்கிற சத்தம். சத்தம் நிற்கிறது என்றால் ரத்தத்தில் வைரஸ் வேகமாகக் குறைந்துவிட்டது என்று பொருள். உங்கள் பையன் வெள்ளிக்கிழமை காலை குளிர்ந்தபோது வைரஸ் ஏறக்குறைய தோற்றுப்போயிருந்தது.

பிறகு ஏன் கசிந்தது? இரண்டு காரணம் சேர்ந்து. முதலாவது, நம் படை அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. தொற்றிய அணுக்களை அழிக்கும் டி அணுக்கள் லட்சக்கணக்கில் பெருகி, அவை கொட்டும் ரசாயனங்கள் ரத்தக் குழாயின் உள்சுவரைத் தளர்த்துகின்றன. இரண்டாவது, அந்த என்.எஸ்.1. அது வைரஸின் ஒரு புரதம். வைரஸ் துகளோடு ஒட்டாமல் தனியாக ரத்தத்தில் கலந்து சுற்றும். நம் ரத்தக் குழாயின் உள்பக்கம் முழுக்கச் சர்க்கரை இழைகளால் ஆன மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. பிளாஸ்மாவை உள்ளே பிடித்துவைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. என்.எஸ்.1 அந்தப் பூச்சைக் கரைக்கிறது. கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2015இல் வெளியாயின. வைரஸே இல்லாமல் இந்தப் புரதத்தை மட்டும் எலிக்குச் செலுத்தினாலே குழாய்கள் கசிவதைக் கலிபோர்னியாக்காரர்கள் காட்டினார்கள்.

எனக்கு இதில் மிகவும் ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. குழாய்ச் சுவர் உடைவதில்லை. தளர்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் 48 மணி நேரத்தில் அடைபட்டு, ஷாக்கில் இருந்த பிள்ளை மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கிறது. அந்த இரண்டு நாளைத் தாண்ட வைப்பதுதான் மொத்த வைத்தியமும்.


குற்றாலச்சாரல் · திங்கள் இரவு 8.15

இரண்டு தடவை படித்தேன். கண் கலங்கிவிட்டது. மூன்றாம் நாள் அவன் நிஜமாகவே "அம்மா, பசிக்குது" என்றுதான் எழுந்தான்.

ஒன்று கேட்க வேண்டும். கிருமி குறைந்துவிட்டதால்தான் என்.எஸ்.1 நெகட்டிவ் வந்ததா? அப்படியானால் அந்த கிளினிக்கில் சொன்னது சரிதானா?


வார்டு பத்து · திங்கள் இரவு 9.30

டெஸ்ட் சரி அக்கா, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு. என்.எஸ்.1 முதல் நாளிலிருந்தே காட்டும், நாலைந்து நாளுக்குப் பிறகு பலருக்கு மறைந்துவிடும். அதிலும் இரண்டாவது தடவை டெங்கு வருகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் மறையும், பழைய ஆன்டிபாடிகள் (முன்பு வந்த கிருமிக்கு எதிராக உடம்பு செய்து வைத்திருக்கும் புரதங்கள்) அதைப் பிடித்துக்கொள்வதால். ஐந்தாம் நாள் நெகட்டிவ் என்றால் டெங்கு இல்லை என்று ஆகாது. அன்று ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. என்ற இரண்டு வகை ஆன்டிபாடிகளைப் பார்த்திருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக பி.சி.வி. பார்த்திருக்க வேண்டும். லேப்காரர் "வைரஸ் தோற்றுப்போயிருந்தது" என்று எழுதியது சரி, ஆனால் அதைப் படித்துவிட்டு நெகட்டிவ் வந்தால் நிம்மதி என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.


வடமராட்சியான் · திங்கள் இரவு 11.10

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2017இல் இலங்கையில் ஒரு லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. நான் அப்போது தெற்கில் ஒரு வைத்தியசாலையில் தாதியாக வேலை செய்தேன். ஒரு கட்டிலில் இருவர், கட்டிலுக்குக் கீழே பாயில் இருவர்.

எங்களுக்கு அங்கே மனப்பாடமாக இருந்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். கசிவு தொடங்கினால் அந்த 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து ஒரு திரவ அளவு வகுப்போம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 4,600 மில்லிலீட்டர். வாயால் குடிப்பதும் அதற்குள்தான், சேலைன் ஏற்றுவதும் அதற்குள்தான். சிறுநீர் ஒரு மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு அரை மில்லிலீட்டராவது போகிறதா என்று அளந்து அளந்து வேகத்தைக் கூட்டுவோம், குறைப்போம். தாள் முழுக்க மணித்தியால வாரியாகக் கோடு. இரவு இரண்டு மணிக்கும் எழுப்பி அளப்போம், நோயாளிகள் திட்டுவார்கள்.

ஏன் இவ்வளவு இறுக்கம்? கசிந்த நீர் உடம்பைவிட்டு வெளியே போகவில்லை. நுரையீரலைச் சுற்றியும் வயிற்றுக்குள்ளும்தான் நிற்கிறது. நாளம் அடைபட்டதும் அவ்வளவும் குருதிக்குள் திரும்பி வரும். நாங்கள் பயத்தில் அதிகமாக ஏற்றியிருந்தால், திரும்பி வருகிற நீரும் சேர்ந்து நுரையீரலை நிரப்பிவிடும். குறைவாகக் கொடுத்து இழந்தவர்களும் உண்டு, கூடக் கொடுத்து இழந்தவர்களும் உண்டு. குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை எங்களுக்கு ஒரு அறிகுறி மட்டும்தான். ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கும்போது, கசிவு தொடங்கப்போகிறது என்று ஆயத்தமாவோம்.

அக்கா, மகனுக்குத் திரும்பும் காலத்தில் உள்ளங்கையும் காலும் கடித்ததா? சிவந்த தோலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் வந்தனவா?


குற்றாலச்சாரல் · செவ்வாய் காலை 5.50

ஆமாம் அண்ணா! ஆறாம் நாள் இரவு முழுக்க உள்ளங்காலைச் சொறிந்துவிடச் சொன்னான். முழங்காலுக்குக் கீழே செக்கச் சிவந்து, நடுவில் நடுவில் வெள்ளைப் புள்ளிகள். அடுத்து இது என்ன நோயோ என்று பயந்தேன். சிறுநீரும் அன்றைக்கு அப்படிப் போனது, பாட்டிலில் பிடித்து அளந்து எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.


வடமராட்சியான் · செவ்வாய் காலை 6.40

அந்தச் சொறியும் சிறுநீரும்தான் நாங்கள் காத்திருக்கிற நல்ல செய்தி. நீர் திரும்பி வருகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் சேலைனை நிறுத்திவிடுவோம்.


மலைக்கோட்டை · செவ்வாய் மதியம் 12.20

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. கொரோனா வந்ததிலிருந்து எதிர்ப்புச் சக்தியைக் கூட்டு, கூட்டு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே என்னவென்றால் எதிர்ப்புச் சக்தியே பிள்ளையை ஷாக்கில் தள்ளியது என்கிறீர்கள். எது சரி? அப்புறம், இரண்டாவது தடவை டெங்கு வந்தால் என்று வார்டு பத்து சொன்னாரே, ஒரு தடவை வந்தால் திரும்ப வராது என்று அல்லவா நினைத்தேன்?


குற்றாலச்சாரல் · செவ்வாய் மதியம் 1.05

நானும் இதைத்தான் கேட்க இருந்தேன். ஆஸ்பத்திரி சீட்டை எடுத்துப் பார்த்தேன், ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவனுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. வைரல் ஃபீவர் என்று மாத்திரை கொடுத்தார்கள், போய்விட்டது. அதுவும் டெங்குதானா? என் மகளுக்கு 4 வயது. அவளுக்கும் வந்து போயிருக்குமா?


லேப்காரன் · செவ்வாய் இரவு 10.45

சாரல், காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாளிலேயே ஐ.ஜி.ஜி. ஏறியிருந்தால் அநேகமாக அது இரண்டாவது டெங்கு. முதல் தடவை என்றால் ஐ.ஜி.ஜி. ஏற இன்னும் பல நாள் ஆகும்.

மலைக்கோட்டை, டெங்கு வைரஸ் ஒன்று இல்லை, நாலு வகை. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு ஏறக்குறைய வாழ்நாள் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதம் பாதுகாப்பு இருக்கும், பிறகு தேய்ந்துவிடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. முதல் வகைக்கு எதிராக உண்டான ஆன்டிபாடி, இரண்டாவது வகையைப் பார்த்ததும் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தச் சாவி இந்தப் பூட்டுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஒட்டுகிறது, முடக்கவில்லை. கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களின் மேல் ஆன்டிபாடியின் வாலைப் பிடிக்கும் கொக்கிகள் உண்டு. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் அவை ஆசையாக உள்ளே இழுக்கும். வைரஸ் பெருக விரும்புவதும் அதே அணுவுக்குள்தான். ஆக, பழைய ஆன்டிபாடி வைரஸை வண்டி வைத்துக் கொண்டுபோய் அதன் வீட்டிலேயே இறக்கிவிடுகிறது. தொற்றும் அணுக்கள் பெருகும், என்.எஸ்.1 பெருகும், அதை அழிக்க எழும் படையும் பெரிதாகும்.

1960களில் பாங்காக்கில் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் இதைக் கவனித்தார். கடுமையான டெங்கு இரண்டு கூட்டத்துக்கு வந்தது. ஒன்று, இரண்டாவது தடவை தொற்றிய பிள்ளைகள். இன்னொன்று, முதல் தடவையே கடுமையாக வந்த, ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தைகள். இரண்டாவது கூட்டம் ஏன்? தாயிடமிருந்து கருவில் வந்த ஆன்டிபாடி. பிறந்த சில மாதம் அது காக்கிறது. தேயத் தேய, முடக்கப் போதாத, ஆனால் ஒட்டப் போதுமான அளவுக்கு வந்து நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் ஆபத்து. 2017இல் நிகராகுவா குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து எழுதிய ஆய்வும் இதையே எண்ணில் காட்டியது. ஆன்டிபாடி நிறைய இருந்தவர்களுக்கும் ஆபத்து கூடவில்லை, இல்லவே இல்லாதவர்களுக்கும் கூடவில்லை. நடுத்தரமாக இருந்தவர்களுக்குத்தான் கூடியது.

கியூபாவின் கதை இதைவிடத் தெளிவு. 1977இல் முதல் வகை நாடு முழுக்கப் பரவியது, சாதாரணக் காய்ச்சலாகப் போனது. 1981இல் இரண்டாம் வகை வந்தது. சுமார் 3,44,000 பேருக்குத் தொற்று, 158 மரணம், அதில் 101 குழந்தைகள். 1997இல் சாந்தியாகோ தே கியூபா நகரில் அதே இரண்டாம் வகை திரும்ப வந்தது. இந்தத் தடவை கடுமையாக விழுந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள், 1977இன் முதல் வகையை முன்பே சந்தித்தவர்கள். அதற்குப் பின் பிறந்த குழந்தைகள் தப்பினார்கள். 20 வருடம் அந்த ஆன்டிபாடி உடம்பில் காத்திருந்திருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் விட்டதற்குப் பிலிப்பைன்ஸ் விலை கொடுத்தது. 2016இல் தொடங்கி, பள்ளிகளில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு டெங்வாக்சியா என்ற தடுப்பூசி போட்டார்கள். 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு அதுவே முதல் தொற்று போலச் செயல்பட்டு, பிற்பாடு கடுமையான டெங்கு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. பெற்றோர் எல்லாத் தடுப்பூசிகள் மேலும் நம்பிக்கை இழந்தார்கள். 2019இல் அங்கே தட்டம்மை பெரிதாகப் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு இதை நினைத்தால் மனசு பொறுக்காது. ஹால்ஸ்டெட் அந்த ஆபத்தை முன்கூட்டியே எழுதியிருந்தார். இந்தியாவில் நாலு வகைக்கும் சேர்த்து ஒரே டோஸாகப் போடும் ஊசிக்கு 2024 ஆகஸ்டில் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. நாலுக்கும் சமமாக வேலை செய்வதுதான் அதன் முன்னால் இருக்கும் பெரிய சோதனை.

எது சரி என்று கேட்டீர்கள். ஒவ்வொரு வைரஸும் வேறு வேறு மாதிரி நோயாக்குகிறது. போலியோ முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பணுவைத் தானே கொல்கிறது. அங்கே குற்றவாளி வைரஸ்தான், அந்த அணு திரும்ப வராது, கால் சூம்பிவிடும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி நேர் எதிர். அது கல்லீரல் அணுவுக்குள் சத்தமில்லாமல் குடியிருக்கும், அணுவைக் கொல்லாது. கல்லீரலைச் சிதைப்பது, தொற்றிய அணுவைத் தேடி அழிக்கும் நம் டி அணுக்கள். பெரியவருக்கு வந்தால் அந்தச் சண்டையில் கண் மஞ்சளாகி, பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிய குழந்தைக்குச் சண்டையே நடக்காது. காமாலையும் வராது, பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் வைரஸ் பல வருடம் தங்கிவிடும். அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசி. தட்டம்மை இன்னொரு விதம். பழைய நோய்களை ஞாபகம் வைத்திருக்கும் அணுக்களையே அழித்துவிட்டுப் போகும்.

ஆகவே கூட்டினால் நல்லது, குறைத்தால் கெட்டது என்று எதிர்ப்புச் சக்திக்குக் குழாய் மாதிரி ஒரு திருகு கிடையாது. சரியான ஆன்டிபாடி, சரியான நேரத்தில், போதுமான அளவில் வேண்டும்.


வார்டு பத்து · புதன் காலை 6.30

லேப்காரர் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் இரண்டாவது டெங்கு என்றாலே நடுங்க வேண்டாம். டெங்கு தொற்றியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது வந்ததே தெரியாது. இரண்டாவது தடவையும் பெரும்பாலோர் வீட்டிலேயே பாராசிட்டமாலும் கஞ்சியுமாகத் தேறிவிடுவார்கள். முதல் தடவையே மோசமாகிறவர்களும் உண்டு, குறிப்பாகக் கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், சர்க்கரை நோய் உள்ளவர்கள். உடம்புவலிக்கு என்று புரூஃபென், ஆஸ்பிரின், டைக்லோஃபெனாக் ஊசி மட்டும் வேண்டாம். இருக்கிற பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாது, வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும்.

நான் வார்டில் எல்லா அம்மாக்களிடமும் சொல்வது: காய்ச்சல் தொடங்கிய நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். எத்தனையாவது நாள் என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மூன்றாம் நாள் ஒரு ரத்தப் பரிசோதனை, அதில் பி.சி.வி. எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். காய்ச்சல் இறங்கிய பிறகு இரண்டு நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதீர்கள். ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். சாரல் அக்கா, மகளுக்கு வந்து போயிற்றா என்று தெரிந்துகொள்ள இப்போது ஊசி குத்த வேண்டாம். அடுத்து எப்போது காய்ச்சல் வந்தாலும் அண்ணனுக்கு டெங்கு இருந்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.


கணக்கு வாத்தியார் · புதன் காலை 7.45

அண்ணன் மகனுடைய பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். எல்லாச் சீட்டிலும் பி.சி.வி. இருக்கிறது. 38, 41, 46, 45, 39. அந்த 46 வந்த இரவுதான் நாங்கள் பிளேட்லெட்டுக்கு அலைந்துகொண்டிருந்தோம். உள்ளே டாக்டர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.


குற்றாலச்சாரல் · புதன் இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. காலண்டரில் அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்பிப் போய் வட்டம் போட்டு, வெள்ளிக்கிழமைக்கும் ஒன்று போட்டு வைத்தேன்.

அவனுக்கு இன்னும் இரண்டு வகை பாக்கி இருக்கிறது என்று புரிந்ததும் வீட்டைச் சுற்றி வந்தேன். தொட்டி, பூந்தொட்டி எல்லாம் ஏற்கெனவே சுத்தம் செய்தவைதான். கடைசியில் பிரிட்ஜை இழுத்துப் பார்த்தால், பின்னால் தண்ணீர் சேருகிற தட்டில் புழுக்கள் நெளிகின்றன. வாங்கி ஏழு வருடமாக அந்தத் தட்டு அங்கே இருப்பதே எனக்குத் தெரியாது. கொட்டிவிட்டு, முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தம்பி சொன்னதால் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்திருக்கிறேன்.